உதட்டில் ஒரு கொப்புளம், மூளையில் ஒரு கேள்வி: ஹெர்பிஸ் வைரஸின் நூறு வருடக் கதை

[ஒலி வடிவத்திலிருந்து சுருக்கித் தொகுத்தது. பேச்சின் போக்கை முடிந்தவரை அப்படியே விட்டிருக்கிறோம்.]

இந்த எபிசோடை ரெக்கார்ட் பண்ணும்போது என் கீழுதட்டு ஓரத்துல ஒரு கொப்புளம் இருக்கு. 'ப', 'ம' சொல்லும்போதெல்லாம் சுருக்குன்னு இழுக்குது. அதனால இன்னைக்கு கொஞ்சம் மெதுவாதான் பேசுவேன்.

இது எனக்குப் பழைய விருந்தாளி. வருஷத்துக்கு ரெண்டு தடவையாவது வரும். காலேஜ்ல படிக்கும்போது செமஸ்டர் பரீட்சைக்கு முந்தின வாரம் வரும். இப்போ ஆபீஸ்ல டெட்லைன் வாரத்துல வருது. "ஏதோ பூச்சி கடிச்சிருக்கு, தேங்காய் எண்ணெய் தடவு"ன்னு அம்மா சொல்வாங்க. நானும் பல வருஷம் பூச்சின்னுதான் நம்பினேன்.

பூச்சி இல்லை. ஹெர்பிஸ் சிம்ப்ளெக்ஸ் வகை 1. பேரைக் கேட்டதும் முகம் சுளிக்க வேண்டாம். உலக சுகாதார நிறுவனத்தின் கணக்குப்படி, 50 வயதுக்கு உட்பட்டவர்களில் சுமார் 380 கோடி பேருக்கு, அதாவது 64 சதவீதம் பேருக்கு, இந்த வைரஸ் இருக்கிறது. பெரும்பாலும் சின்ன வயசுலயே, வீட்டுப் பெரியவங்க கொடுக்கிற முத்தம் மூலமா வந்துடும். நிறையப் பேருக்கு வாழ்நாள் முழுக்க ஒரு கொப்புளம்கூட வராது. இதைக் கேட்டுட்டு இருக்கிற உங்ககிட்டயும் இருக்க வாய்ப்பு அதிகம்.

இந்த எபிசோட் பண்ணணும்னு தோன்றியதற்குக் காரணம் வேற. மதுரையில எங்க அம்மாச்சிக்கு ரெண்டு வருஷமா ஞாபகம் குறைஞ்சுட்டே வருது. என்னைப் பார்த்து என் மாமா பேரைச் சொல்லிக் கூப்பிடறாங்க. ஒரு ராத்திரி தூக்கம் வராம போனைத் தள்ளிட்டு இருந்தப்போ, உதட்டுக் கொப்புளத்துக்குக் காரணமான வைரஸ்தான் அல்சைமருக்கும் காரணமான்னு ஒரு தலைப்பு கண்ணுல பட்டுச்சு. ரெண்டு விஷயம் ஒரே நேரத்துல தோணுச்சு. அம்மாச்சிக்கு இதுதானா? அப்போ எனக்கும் இதுதானா?

விடை தேடிப் போனா, அது நூறு வருஷத்துக்கும் மேலான ஒரு கதையில கொண்டு போய் விட்டுச்சு. படிச்சு முடிச்சப்போ ஒண்ணு புரிஞ்சது. இந்தக் கதையில முக்கியமான சாட்சி நோயாளியோட மூளை இல்லை. எந்த மூளை நோயும் இல்லாம வாழ்ந்து செத்துப்போன சாதாரண மனுஷங்களோட மூளை.

முயலின் கண்ணில் தொடங்கிய கதை

'ஹெர்பிஸ்' என்பது ஊர்ந்து செல்வதைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லிலிருந்து வந்தது. தோலில் ஊர்ந்து பரவும் பல வகைப் புண்களுக்குப் பழைய கிரேக்க மருத்துவர்கள் இந்தப் பெயரை வைத்திருந்தார்கள். ஊர்வது தோல் மேல மட்டும்தான்னு அவங்க நினைச்சாங்க. அது உள்ளுக்குள்ள எவ்வளவு தூரம் ஊரும்னு தெரிய ரெண்டாயிரம் வருஷம் ஆச்சு.

இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில், ஜெர்மனியின் மார்பர்க் நகரில் வில்ஹெல்ம் க்ரூட்டர் என்ற கண் மருத்துவர் இருந்தார். கண்ணில் ஹெர்பிஸ் புண் வந்த ஒரு நோயாளியிடமிருந்து கொஞ்சம் திரவத்தை எடுத்து ஒரு முயலின் கண்ணில் வைத்தார். முயலுக்கும் அதே புண் வந்தது. இது ஒருவரிடமிருந்து இன்னொருவருக்குத் தொற்றும் நோய் என்பதற்கு அது நல்ல ஆதாரம்.

அடுத்து, 1920 வாக்கில், சுவிட்சர்லாந்தின் பாசல் நகரில் ராபர்ட் டோர் இதே சோதனையைத் தொடர்ந்தார். அவருடைய முயல்களில் சிலவற்றுக்குக் கண்ணோடு நிற்கவில்லை, மூளைக்காய்ச்சல் வந்தது. சாதாரண உதட்டுக் கொப்புளத்தின் கிருமி மூளை வரை போகும் என்பது அப்போதுதான் தெரிந்தது.

ஆனா டோருக்கு ஒரு குழப்பம். ஒரே ஆளுக்கு, ஒவ்வொரு காய்ச்சலுக்கும், அதே இடத்துல கொப்புளம் வருது. பக்கத்துல இருக்கிறவங்க யாருக்கும் இல்லை. அப்போ ஒவ்வொரு தடவையும் வெளியிலிருந்து எப்படித் தொத்தும்? அதனால அவர், இந்தக் கிருமி நம்ம செல்லுக்குள்ளேயே புதுசா உண்டாகுதுன்னு நினைச்சார். இன்னைக்குக் கேட்டா சிரிப்பு வரும். ஆனா அவர் கேட்ட கேள்வி சரியான கேள்வி. ஒரு கொப்புளத்துக்கும் அடுத்த கொப்புளத்துக்கும் நடுவுல அந்த வைரஸ் எங்க இருக்கு?

ஒரு அவசரத் தீர்ப்பு

இதே காலத்தில் உலகம் இன்னொரு பயங்கரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தது. 1917-ல் வியன்னாவில் கான்ஸ்டன்டின் வான் எகானமோ ஒரு புது நோயை விவரித்தார். நோயாளிகள் நாள்கணக்கில் தூங்கினார்கள். சிலர் இறந்தார்கள். பிழைத்தவர்களில் பலர் பிற்காலத்தில் அசைய முடியாமல் சிலை போல ஆனார்கள். 'தூக்க மூளைக்காய்ச்சல்'னு வெச்சுக்கலாம். ஆலிவர் சாக்ஸ் எழுதின 'அவேக்கனிங்ஸ்' புத்தகமும், அதை வெச்சு எடுத்த படமும் இவங்களைப் பத்தினதுதான்.

எல்லோரும் காரணத்தைத் தேடினார்கள். பாரிஸில் கான்ஸ்டன்டின் லெவாடிட்டியின் குழு, இறந்தவர்களின் மூளையிலிருந்து எடுத்த பொருளில் ஒரு வைரஸைக் கண்டது. நியூயார்க்கிலும் இப்படி ஒரு அறிவிப்பு வந்தது. அது ஹெர்பிஸ் வைரஸ் போலவே நடந்துகொண்டது. குற்றவாளி கிடைச்சாச்சுன்னு பல பேர் முடிவு பண்ணிட்டாங்க.

அப்புறம்தான் சிக்கல். அதே மாதிரி வைரஸ் ஆரோக்கியமானவர்களின் எச்சிலிலும் இருந்தது. தூக்க நோய்க்கும் அவங்களுக்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை. தேடுகிற பொருள் எல்லார் வீட்டிலும் இருந்தால், அது திருடன் விட்டுச் சென்ற தடயமா, அந்த வீட்டுச் சொந்தப் பொருளா? வழக்கு கொஞ்சம் கொஞ்சமாகக் கலைந்தது. அந்த நோய்க்கு என்ன காரணம் என்பது இன்றுவரை உறுதியாகவில்லை.

இந்தச் சம்பவத்தை மனசுல வெச்சுக்கோங்க. அறுபது, எழுபது வருஷம் கழிச்சு இதே காட்சி திரும்ப வரும்.

நரம்பு என்ற ரயில் பாதை

வைரஸ் எங்கே ஒளிகிறது என்பதற்கு முதல் துப்பு கொடுத்தவர் வைரஸைத் தேடியவரே இல்லை. அவர் அமெரிக்க மூளை அறுவை மருத்துவர் ஹார்வி குஷிங். முகத்தில் மின்னல் வெட்டுவது போல வலி வரும் ஒரு நோய் உண்டு. அதற்கு முகத்தின் உணர்ச்சி நரம்பு, அதாவது முப்பிரிவு நரம்பு, சம்பந்தப்பட்ட இடத்தில் அவர் அறுவை செய்தார். ஆபரேஷன் முடிந்த சிலருக்கு முகத்தில் ஹெர்பிஸ் கொப்புளங்கள் வருவதைக் கவனித்து 1905-ல் எழுதினார். கத்தி பட்டது நரம்பில். கொப்புளம் வந்தது உதட்டில்.

1920-களில் அமெரிக்காவின் நாஷ்வில் நகரில், வாண்டர்பில்ட் பல்கலைக்கழகத்தின் எர்னஸ்ட் குட்பாஸ்டர் இந்தத் துப்பைப் பிடித்துக்கொண்டு போனார். முயலின் உடலில் வெவ்வேறு இடங்களில் வைரஸைச் செலுத்தினார். எந்த இடத்தில் செலுத்தினாரோ, அந்த இடத்து நரம்பு மூளைத்தண்டில் எங்கே போய்ச் சேருமோ, சரியாக அங்கேதான் பாதிப்பு தெரிந்தது. வைரஸ் ரத்தத்தில் மிதந்து மூளைக்குப் போகவில்லை. நரம்பு இழையைப் பிடித்துக்கொண்டு, தண்டவாளத்தில் ரயில் போவதுபோல, போயிருக்கிறது.

1929-ல் அவர் எழுதிய கட்டுரையில் ஒரு ஊகம் இருந்தது. உதட்டுப் புண் ஆறிய பிறகு வைரஸ் அழிவதில்லை. நரம்பு முடிச்சில் போய்ப் பதுங்குகிறது. முப்பிரிவு நரம்புக்கு அப்படி ஒரு முடிச்சு, நரம்பு செல்கள் கூட்டமாக இருக்கும் இடம், மண்டை ஓட்டின் அடித்தளத்தில், காதுக்குக் கொஞ்சம் முன்னால் உள்ளே இருக்கிறது. அங்கிருந்து ஒரு இழை முகத்துக்கு வருகிறது, இன்னொரு இழை மூளைத்தண்டுக்குப் போகிறது. வீட்டுத் திண்ணைன்னு நினைச்சுக்கோங்க. ஒரு பக்கம் தெரு, இன்னொரு பக்கம் வீடு. விருந்தாளி திண்ணையில படுத்துட்டார்.

1939-ல் ஆஸ்திரேலியாவின் மேக்ஃபார்லேன் பர்னெட், பிற்காலத்தில் நோபல் வாங்கியவர், டோரின் பழைய புதிருக்கு விடை எழுதினார். குழந்தைப் பருவத்தில் ஒருமுறை தொற்றும். பிறகு வாழ்நாள் முழுவதும் உடலிலேயே இருக்கும். காய்ச்சல், வெயில் போன்ற தூண்டுதல் வரும்போது மட்டும் தலைகாட்டும். புதுத் தொற்று இல்லை, பழைய ஆள்தான் மறுபடி எழுந்திருக்கிறார். 1952-ல் கார்ட்டன், கில்போர்ன் என்ற இருவர், முப்பிரிவு நரம்பின் வேரை வெட்டிய நோயாளிகளில் குஷிங் பார்த்ததை மறுபடி ஒழுங்காகப் பதிவு செய்தார்கள்.

அரைத்தால் கிடைக்காது, வளர்த்தால் கிடைக்கும்

இவ்வளவும் ஊகம்தான். முடிச்சுக்குள்ள கைய விட்டு வைரஸை எடுத்துக் காட்டினவங்க யாரும் இல்லை. பல பேர் முயற்சி செய்தார்கள். நரம்பு முடிச்சை எடுத்து, அரைத்து, அந்தச் சாற்றில் வைரஸ் இருக்கிறதா என்று பார்த்தார்கள். ஒன்றும் கிடைக்கவில்லை.

1971-ல் கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் லாஸ் ஏஞ்சலஸ் வளாகத்தில் ஜாக் ஸ்டீவன்ஸும் மார்ஜரி குக்கும் ஒரு எளிய மாற்றம் செய்தார்கள். எலியின் பாதத்தில் வைரஸைச் செலுத்தினார்கள். புண் ஆறி, எலி தேறி, வாரங்கள் கழிந்த பிறகு தண்டுவடப் பக்கத்து நரம்பு முடிச்சுகளை எடுத்தார்கள். அரைத்துப் பார்த்தபோது வைரஸ் இல்லை. ஆனால் முடிச்சை அரைக்காமல், உயிரோடு ஒரு கண்ணாடித் தட்டில் வளர்த்தபோது, சில நாட்களில் வைரஸ் வெளியே வந்தது.

இது எவ்வளவு அழகான சோதனைன்னு யோசிச்சுப் பாருங்க. வைரஸ் அங்க வைரஸா இல்லை. வெறும் எழுத்தா இருக்கு. நம்ம நரம்பு செல்லோட கருவுக்குள்ள, ஒரு வளையம் மாதிரி, தன்னோட டிஎன்ஏவை மட்டும் வெச்சுட்டு அமைதியா இருக்கு. எண்பதுக்கு நெருக்கமான ஜீன்கள் இருக்கிற வைரஸ், கிட்டத்தட்ட எல்லாத்தையும் அணைச்சுடுது. ஒரு பகுதி மட்டும் ஓயாமல் வேலை செய்கிறது என்பதை 1987-ல் ஸ்டீவன்ஸின் குழு கண்டுபிடித்தது. அதிலிருந்து புரதங்கள் பெரிதாக உருவாவதில்லை என்பதால் நோய் எதிர்ப்புப் படைக்குப் பிடித்துக்கொள்ள ஒன்றும் கிடைப்பதில்லை. நரம்பு செல்லும் சாதாரணமாகப் பிரிந்து பெருகாது. நம்மோடு வாழ்நாள் முழுக்க இருக்கும். ஒளிந்துகொள்ள இதைவிட நல்ல இடம் கிடையாது.

1972-லும் 1973-லும் இரண்டு வெவ்வேறு குழுக்கள் இறந்த மனிதர்களின் முப்பிரிவு நரம்பு முடிச்சிலிருந்து இதே முறையில் வைரஸை வளர்த்துக் காட்டின. அதில் ஒரு குழுவில் இருந்தவர் ரிச்சர்ட் பேரிங்கர். இந்தப் பேரை ஞாபகம் வெச்சுக்கோங்க, திரும்ப வருவார்.

ஆக, திண்ணையில் ஆள் இருப்பது உறுதியானது. அடுத்த கேள்வி, வீட்டுக்குள்ள?

கட்டுப்பாட்டுக் குழுவின் அதிர்ச்சி

ஹெர்பிஸ் மூளைக்குள் வெடித்தால் என்ன ஆகும் என்பது ஏற்கெனவே தெரியும். 1941-ல் மூளைக்காய்ச்சலில் இறந்த ஒரு குழந்தையின் மூளையிலிருந்து ஹெர்பிஸ் வைரஸ் எடுக்கப்பட்டிருந்தது. இது அரிதான நோய். பத்து லட்சம் பேரில் வருடத்துக்கு இரண்டு முதல் நான்கு பேருக்கு வரலாம். ஆனால் மருந்து இல்லாத காலத்தில் வந்தவர்களில் சுமார் 70 சதவீதம் பேர் இறந்தார்கள். அசைக்ளோவிர் மருந்து வந்த பிறகுதான் நிலைமை மாறியது. பிழைத்தவர்களிலும் பலருக்கு ஞாபகம் போய்விடும், ஏனென்றால் இந்த வைரஸ் தாக்குவது காதுப் பக்கத்து மடல்களை, ஞாபகம் உருவாகும் பகுதியை.

ஆனா அது வெடிக்கும்போது. எதுவுமே நடக்காத, ஆரோக்கியமான மூளையில?

1981-ல் பிலடெல்ஃபியாவின் விஸ்டார் நிறுவனத்தில் நைஜல் ஃப்ரேசரின் குழு, மல்டிபிள் ஸ்க்ளீரோசிஸ் என்ற நரம்பு நோய்க்கு ஹெர்பிஸ் காரணமா என்று தேடியது. ஒப்பிட்டுப் பார்க்க அந்த நோய் இல்லாமல் இறந்தவர்களின் மூளையையும் எடுத்தார்கள். ஆராய்ச்சியில் இதைத்தான் கட்டுப்பாட்டுக் குழு என்பார்கள். அங்க ஒண்ணும் இருக்காதுன்னுதான் எதிர்பார்ப்பு. ஆனால் நோயாளிகளின் மூளையில் மட்டுமல்ல, நோய் இல்லாதவர்களின் மூளையிலும் ஹெர்பிஸ் டிஎன்ஏ துண்டுகள் கிடைத்தன.

அடுத்த ஆண்டு, கனடாவில் மெல்வின் பால் ஒரு கேள்வி எழுப்பினார். ஹெர்பிஸ் மூளைக்காய்ச்சல் தாக்கும் பகுதிகளும் அல்சைமர் முதலில் தாக்கும் பகுதிகளும் ஒன்றாக இருக்கின்றனவே? திண்ணையிலிருந்து வைரஸ் அவ்வப்போது உள்ளே எட்டிப் பார்த்துவிட்டுப் போவதால் பல வருடங்களில் சேரும் சேதமா அல்சைமர்?

அப்போது அதைச் சோதிக்கக் கருவி போதவில்லை. 1980-களின் நடுவில் பிசிஆர் வந்தது. ஆமா, கொரோனா காலத்துல மூக்குல குச்சி விட்டு எடுத்தாங்களே, அதே பிசிஆர். ஒரு துளி டிஎன்ஏவை லட்சக்கணக்கில் நகலெடுத்துக் காட்டும் தொழில்நுட்பம். இங்கிலாந்தின் மான்செஸ்டரில் ரூத் இட்ஸாக்கியின் குழு இதைக் கையில் எடுத்தது. 1991-ல் முடிவு வந்தது. அல்சைமரில் இறந்த முதியவர்களின் மூளையில் ஹெர்பிஸ் டிஎன்ஏ இருந்தது. அல்சைமர் இல்லாமல் இறந்த முதியவர்களின் மூளையிலும் இருந்தது.

லெவாடிட்டியோட காட்சி ஞாபகம் வருதா? எல்லார் வீட்டுலயும் அதே பொருள்.

1994-ல் பேரிங்கர் திரும்ப வருகிறார், இப்போது யூட்டாவில். நரம்பு நோய் எதுவும் இல்லாமல் இறந்த 40 பேரின் மூளையைப் பகுதி பகுதியாக எடுத்து பிசிஆர் செய்தார். சுமார் மூன்றில் ஒருவரின் மூளையில், மூளைத்தண்டிலும் ஞாபகப் பகுதியான ஹிப்போகேம்பஸிலும்கூட, வைரஸின் தடம் இருந்தது. திண்ணையில் இருந்ததைக் கண்டுபிடித்தவர்களில் ஒருவரே இருபது வருஷம் கழித்து வீட்டுக்குள்ளும் பார்த்துவிட்டார்.

அடுத்த வருடம் குடும்பத்தின் இன்னொரு உறுப்பினர். மனிதர்களைத் தொற்றும் ஹெர்பிஸ் வைரஸ்கள் மொத்தம் ஒன்பது. அதில் ஆறாவது எண் கொண்ட வைரஸ் 1986-ல்தான் கண்டுபிடிக்கப்பட்டது. குழந்தைகளுக்கு மூன்று நாள் கடும் காய்ச்சல் அடித்து, காய்ச்சல் விட்டதும் உடம்பில் தடிப்பு வருமே, அதற்கு இதுதான் காரணம். மூன்று வயதுக்குள் கிட்டத்தட்ட எல்லாக் குழந்தைகளுக்கும் வந்துவிடும். 1995-ல் சியாட்டிலில் ஒரு குழு இதை மூளையில் தேடியபோது, மல்டிபிள் ஸ்க்ளீரோசிஸ் உள்ளவர்களிலும் இல்லாதவர்களிலும், இரண்டு பக்கத்திலும் 70 சதவீதத்துக்கு மேல் கிடைத்தது.

ஒண்ணு நேர்மையா சொல்லணும். எல்லா ஆய்வகங்களுக்கும் இதே முடிவு வரலை. சில குழுக்களுக்கு மிகக் குறைவாகவே கிடைத்தது. மேலும் டிஎன்ஏ கிடைப்பது வேறு, உயிருள்ள வைரஸ் கிடைப்பது வேறு. ஒரு வீட்டில் பழைய செருப்பு கிடந்தால், அந்த ஆள் இப்போது உள்ளே இருக்கிறார் என்று அர்த்தமில்லை.

இருப்பதும் செய்வதும்

சரி, ஆரோக்கியமான மூளையிலும் இருக்கு. அப்போ வைரஸ் நிரபராதி, வழக்கு தள்ளுபடியா?

இங்கதான் நானும் முதல்ல தப்பு பண்ணினேன். அப்படியும் சொல்ல முடியாது. இதே குடும்பத்தைச் சேர்ந்த எப்ஸ்டீன்-பார் வைரஸை எடுத்துக்கோங்க. பெரியவர்களில் பத்தில் ஒன்பது பேருக்கு மேல் இது இருக்கிறது. பெரும்பாலோருக்கு ஒன்றும் ஆவதில்லை. ஆனால் 2022-ல் அமெரிக்க ராணுவத்தினர் ஒரு கோடிக்கும் மேற்பட்டவர்களின் தரவுகளை ஆராய்ந்தபோது, இந்த வைரஸ் தொற்றிய பிறகு மல்டிபிள் ஸ்க்ளீரோசிஸ் வரும் ஆபத்து 32 மடங்கு கூடியது தெரிந்தது. எல்லாரிடமும் இருக்கும் ஒன்று, சிலரிடம் மட்டும், வேறு ஏதோ காரணம் சேரும்போது தீங்கு செய்யலாம். தீப்பெட்டி எல்லாச் சமையலறையிலும் இருக்கு. எல்லா வீடும் எரியறதில்லை. எரிந்த வீட்டில் தீப்பெட்டிக்குச் சம்பந்தமே இல்லைன்னும் சொல்ல முடியாது.

இட்ஸாக்கி இதைத்தான் செய்தார். தன் கண்டுபிடிப்பு கட்டுப்பாட்டுக் குழுவிலும் வந்ததும் அவர் அதை மறைக்கவில்லை, கேள்வியை மாற்றினார். வைரஸ் இருக்கிறதா என்பதை விட்டுவிட்டு, யாரிடம் இருந்தால் ஆபத்து என்று கேட்டார். 1997-ல் வந்த அவருடைய கட்டுரை, அல்சைமர் ஆபத்தைக் கூட்டும் ஏபிஓஇ-4 என்ற ஜீன் வகையும் மூளையில் இந்த வைரஸும் சேர்ந்து இருப்பவர்களிடம் ஆபத்து அதிகம் என்றது. உதட்டுக் கொப்புளம் வருபவர்களிடமும் அந்த ஜீன் வகை அதிகமாகத் தெரிந்தது. பல வருடங்கள் இந்தக் கருத்தைப் பெரும்பாலான நிபுணர்கள் ஓரமாகவே வைத்தார்கள்.

அதற்குப் பிறகு கதை ஊஞ்சல் மாதிரி ஆடுகிறது. 2018-ல் அல்சைமர் மூளைகளில் ஆறாம், ஏழாம் எண் ஹெர்பிஸ் வைரஸ்கள் அதிகம் என்று ஒரு பெரிய ஆய்வு வந்தது. அதே வருடம் இன்னொரு குழு, அல்சைமரின் அடையாளமான அமைலாய்டு புரதம் ஹெர்பிஸ் வைரஸ்களைச் சிறைபிடிக்கும் வலை போல வேலை செய்யக்கூடும் என்று காட்டியது. 2020-ல் வேறொரு குழு பல மூளை வங்கிகளின் மாதிரிகளைச் சோதித்தது. ஆறாம் எண் வைரஸ் அல்சைமர் உள்ளவர்களிடம் அதிகம் இல்லை என்றது.

2025-ல் இரண்டு செய்திகள். ஒன்று வேல்ஸிலிருந்து. அங்கே 2013 செப்டம்பர் 1-ல் அக்கித் தடுப்பூசித் திட்டம் தொடங்கியபோது, 1933 செப்டம்பர் 2 அல்லது அதற்குப் பின் பிறந்தவர்களுக்கு மட்டும் தகுதி. அதற்கு முன் பிறந்தவர்களுக்குக் கிடையாது. ஒரு வாரம் முன்னே பின்னே பிறந்தவர்களுக்குள் வேறு என்ன வித்தியாசம் இருக்க முடியும்? யாரோ குலுக்கல் போட்டுப் பிரித்ததுபோல ஆனது. ஏழு வருடம் பின்தொடர்ந்தபோது, தடுப்பூசி போட்டவர்களுக்கு மறதி நோய் ஆபத்து சுமார் 20 சதவீதம் குறைந்திருந்தது. அக்கி வைரஸும் ஹெர்பிஸ் குடும்பம்தான். சின்னம்மை வந்து போன பிறகு நரம்பு முடிச்சுகளில் தங்கி, வயதான பின் அக்கியாக வெளியே வருவது. பலன் வைரஸை அடக்கியதால் வந்ததா, தடுப்பூசி நோய் எதிர்ப்புச் சக்தியைப் பொதுவாகத் தட்டி எழுப்பியதால் வந்ததா என்பது இன்னும் பிரித்தறியப்படவில்லை.

இரண்டாவது செய்தி நேரெதிர். ஆரம்ப நிலை அல்சைமரும் ஹெர்பிஸ் தொற்றின் அடையாளமும் உள்ள 120 பேரை இரண்டு குழுவாகப் பிரித்து, ஒரு குழுவுக்கு ஹெர்பிஸ் மருந்தான வாலசைக்ளோவிரையும் இன்னொரு குழுவுக்குப் போலி மாத்திரையையும் 78 வாரம் கொடுத்தார்கள். மருந்து பலன் தரவில்லை. நோய் வந்த பிறகு வைரஸை அடக்குவதால் பயனில்லை என்பதுதான் இப்போதைக்குக் கைக்குக் கிடைத்த பதில். வருவதற்கு முன் தடுக்க முடியுமா என்ற கேள்வி அப்படியே இருக்கிறது.

அம்மாச்சி வீட்டுத் திண்ணை

போன மாசம் மதுரைக்குப் போயிருந்தேன். இதையெல்லாம் அம்மாகிட்ட சொன்னேன். அம்மா கொஞ்ச நேரம் பேசாம இருந்துட்டு, "அம்மாச்சிக்கு அறுபது வயசுல முதுகுல அக்கி வந்துச்சுடா. குயவர் வீட்டுக்குக் கூட்டிட்டுப் போயி, காவியைக் குழைச்சு அக்கி எழுதிட்டு வந்தோம். அப்பவே ஊசி ஏதாவது போட்டிருக்கணுமோ?"ன்னு கேட்டாங்க.

இல்லம்மான்னேன். அப்போ எந்த ஊரிலும் அந்த ஊசி கிடையாது. உலகத்துல முதல் அக்கித் தடுப்பூசி 2006-லதான் அனுமதி வாங்குச்சு. அது மட்டும் இல்ல, அம்மாச்சியோட மறதிக்கு எது காரணம்னு யாராலயும் ஒரு விரலை நீட்டிச் சொல்ல முடியாது. அம்மா மனசுல இருந்தது விஞ்ஞானக் கேள்வி இல்லைன்னு எனக்கு அப்புறம்தான் புரிஞ்சது. நம்ம ஏதாவது செய்யத் தவறிட்டோமாங்கிற கேள்வி அது.

அதனாலதான் இந்த நூறு வருஷக் கதையை உங்ககிட்ட சொல்லணும்னு தோணுச்சு. அடுத்த தடவை ராத்திரி ரெண்டு மணிக்கு ஒரு தலைப்பு உங்களைப் பயமுறுத்தினா, ஒரு கேள்வி கேளுங்க. இதே விஷயத்தை ஆரோக்கியமானவங்ககிட்ட தேடினாங்களா? அங்க என்ன கிடைச்சுது? 1920-ல் லெவாடிட்டிக்கும், 1981-ல் ஃப்ரேசருக்கும், 1991-ல் இட்ஸாக்கிக்கும் திருப்பம் தந்தது அந்தக் கேள்விதான். உதட்டுல கொப்புளம் வர்ற கோடிக்கணக்கான பேரில் பெரும்பாலானவங்களுக்கு அல்சைமர் வர்றதில்லை. மூளையில வைரஸ் இருக்கான்னு பார்க்க நீங்க எந்த டெஸ்ட்டும் எடுக்க வேண்டியதில்லை.

நிஜமா செய்ய வேண்டியது சின்ன விஷயம். உதட்டுல கொப்புளம் இருக்கும்போது பச்சைக் குழந்தைக்கு முத்தம் கொடுக்காதீங்க. பிறந்து சில வாரமே ஆன குழந்தைக்கு இந்த வைரஸ் உயிருக்கே ஆபத்தாகலாம். வீட்டுல பெரியவங்க இருந்தா, அக்கித் தடுப்பூசி பத்தி அவங்க டாக்டர்கிட்ட ஒரு வார்த்தை கேளுங்க. மறதிக்காக இல்லாட்டியும், அக்கியோட வலிக்காகவாவது.

கிளம்பும்போது அம்மாச்சி என் மாமா பேரைச் சொல்லித்தான் கூப்பிட்டாங்க. கன்னத்தைப் பிடிச்சு முத்தம் கொடுத்தாங்க. எனக்குள்ள இருக்கிற இந்த வைரஸ் முப்பது வருஷத்துக்கு முன்னாடி எங்கிருந்து வந்திருக்கும்னு அப்போ ஒரு நிமிஷம் யோசிச்சேன். இப்படித்தான் வந்திருக்கும்.

கொப்புளம் இன்னும் ரெண்டு நாள்ல காஞ்சுடும். அவர் திரும்பத் திண்ணைக்குப் போயிடுவார். நாம அடுத்த எபிசோட்ல பார்க்கலாம்.